பழைய டி.எக்ஸ் வேகனுக்கு எந்தக் கூலன்ட்? களுவாஞ்சிக்குடி – பதுளை வண்டியொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி டொயோட்டா கொரோலா டி.எக்ஸ் வேகன், கே.ஈ.72. எஞ்சின் 4கே, 1290 சி.சி., பெற்றோல். பிளொக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், வெல்ஷ் பிளக்குகள் (பிளொக்கின் வார்ப்புத் துளைகளை மூடும் தகட்டு மூடிகள்) உருக்கு. றேடியேற்றர் வண்டியோடு வந்த அதே செம்பு–பித்தளை றேடியேற்றர். மேல் கீழ்த் தொட்டிகள் ஈயப் பற்றாசால் பிடிக்கப்பட்டவை. இத்தனை உலோகங்களையும் ஒரே தண்ணீர்தான் சுற்றி வருகிறது. அந்தத் தண்ணீரோடு கலக்கும் திரவமான கூலன்ட்டின் தெரிவுக்கு முதலில் பார்க்க வேண்டியது இந்த உலோகப் பட்டியல். போத்தலின் நிறத்தைப் பிறகு பார்க்கலாம்.

உரிமையாளர் மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் வசிக்கும் ஓய்வுபெற்ற அரச ஊழியர். வண்டி நாளாந்தம் சந்தை, ஆஸ்பத்திரி, கோயில் என்று சிறு தூரம் ஓடும். வருடத்தில் சில தடவை மகளைப் பார்க்கப் பதுளைக்குப் போகும்: செங்கலடி, மகா ஓயா, பதியத்தலாவை, பிபிலை, லுணுகலை, பசறை வழி. பிபிலை வரை சமதரையும் சிறு ஏற்றமும்தான். அதற்கப்பால் மலை.

பல வருடங்களாக றேடியேற்றருக்குள் போனது வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலத்தில், ஆழம் குறைந்த கிணறுகளின் நன்னீர் உப்புநீரின் மேலேதான் நிற்கிறது. கோடையில் இறைக்க இறைக்கக் கீழிருந்து உவர் ஏறும். குடித்தால் நாக்குக்குப் பெரிதாகத் தெரியாத குளோரைட்டு அலுமினிய ஹெட்டில் குழி விழுத்தப் போதும். வன்மை கூடிய நீர் என்றால் கல்சியம் றேடியேற்றர்க் குழாய்களுக்குள் படியும்.

இன்னொரு சங்கதியும் இருந்தது. சில வருடங்களுக்கு முன் வேறொரு கராஜில் தேர்மோஸ்டாற்றை (சூட்டுக்கேற்ப றேடியேற்றருக்கான நீரோட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) கழற்றி எறிந்திருந்தார்கள். "எங்கட வெயிலுக்கு இது தேவையில்லை" என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். அதன் பின் சூட்டு மானியின் ஊசி கால்வாசிக்கு மேல் ஏறியதே இல்லை. வண்டி நல்ல குளிர்ச்சியாக ஓடுகிறது என்ற நம்பிக்கை உரிமையாளருக்கு வந்தது இப்படித்தான்.

பிரச்சினை தலைகாட்டிய விதம்

பதுளைப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னர், நீண்ட ஆயுள் கொண்டது என்று விற்கப்பட்ட சிவப்புக் கூலன்ட் போத்தல் ஒன்று வாங்கப்பட்டது. உள்ளே கிடந்ததை முழுதாக வடிக்காமல், கீழ்க் குழாய் வழியே வந்ததை மட்டும் விட்டுவிட்டு இது ஊற்றப்பட்டது. பிளொக்கில் பழைய பச்சைக் கூலன்ட்டும் கிணற்றுத் தண்ணீரும் கலந்த கரைசல் அப்படியே நின்றது.

சில வாரங்களில் றேடியேற்றரின் மேல் தொட்டி ஓரத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குக் கட்டியது. ரிசேவ் தாங்கியில் மட்டம் குறையத் தொடங்கியது. குறையக் குறைய மறுபடி கிணற்றுத் தண்ணீர்.

லுணுகலைக்கு அப்பால் ஏற்றத்தில், நாலு பேரும் சாமான்களும் ஏறியிருக்க, இரண்டாம் கியரில் போகும்போது ஊசி மேலே போய்ப் பின்னர் திடீரென்று கீழே விழுந்தது. சூடு தணிந்துவிட்டது என்று எண்ணி வண்டி இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டப்பட்டது. உண்மையில் நடந்தது வேறு. சூட்டை உணரும் சென்டர் தண்ணீருக்குள் மூழ்கி நின்றால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கினால் சென்டர் வெறும் ஆவியில் நிற்கும், ஊசி விழும். ஏற்றத்தில் ஊசி காரணமில்லாமல் விழுந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்பதைச் சாரதிகள் பலர் அறிவதில்லை.

பொனட்டைத் திறந்தபோது பொங்கியது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டுத்தான் மூடி திறக்கப்பட்டது. சூடான ஹெட்டில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியிருந்தால் ஹெட் வளைந்திருக்கும் அல்லது வெடித்திருக்கும். ஓடைத் தண்ணீர் நிரப்பி, மெதுவாகப் பதுளை போய், திரும்பி வந்ததும் வண்டி கல்முனையில் உள்ள கராஜ் ஒன்றுக்குக் கொண்டுவரப்பட்டது.

கராஜில் கண்டவை

"நானா, இது இவ்வளவு காலமும் கிணத்துத் தண்ணியிலதான் ஓடின வண்டி. அந்தச் சிவப்பு மருந்துதான் கெடுத்துப் போட்டுது" என்றார் உரிமையாளர். "சேர், மருந்து பாதி, தண்ணி பாதி. முதல்ல ஹெட் தப்பிச்சுதா எண்டு பாப்பம்" என்றார் மெக்கானிக். சோதனைகளும் அந்த வரிசையிலேயே நடந்தன.

மூடியைத் திறந்ததும் கழுத்தில் காபி நிறத்தில் கொழகொழப்பான பசை. இதைக் கண்டவுடன் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய் எண்ணெய் கலந்துவிட்டது என்று முடிவுகட்டி ஹெட்டைக் கழற்றும் கராஜ்கள் உண்டு. இங்கே கொஞ்சப் பசையை எடுத்து ஒரு கோப்பை வெந்நீரில் போட்டுக் கலக்கினார்கள். எண்ணெய் என்றால் மேலே படலம் மிதக்கும், காகிதத்தில் தேய்த்தால் ஊறும். இது அடியில் வண்டலாகத் தங்கியது, காகிதத்தில் துருக் கறை மட்டும். எண்ணெய் அளவுகோல் சுத்தம், எண்ணெய் மூடிக்கு அடியிலும் வெண்ணிறம் இல்லை. சிலிக்கேற் உள்ள பழைய பச்சைக் கூலன்ட்டும் கரிம அமிலக் கூலன்ட்டும் (அந்தச் சிவப்பு இந்த வகை) கலக்கும்போது சிலிக்கேற் பசையாகப் பிரிவது உண்டு. அதோடு துருவும் சேர்ந்தால் இந்த நிறம்தான் வரும்.

ஹெட் கேஸ்கட்டை உறுதிப்படுத்த இரண்டு சோதனை. எரிவாயுக் கசிவு பார்க்கும் நீலத் திரவத்தை றேடியேற்றர் வாயில் வைத்து எஞ்சினை ஓடவிட்டதில் நிறம் மஞ்சளாகவில்லை. நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் ஒன்றுக்கொன்று கிட்டவாகவே இருந்தது. ஹெட் தப்பிவிட்டது. இக்னிஷன் ரைமிங் பிந்தியிருந்தாலும் எஞ்சின் சூடேறும் என்பதால் அதையும் பார்த்தார்கள், சரியாகவே இருந்தது.

அடுத்து றேடியேற்றர். எஞ்சினைச் சூடாக்கி, தூரத்திலிருந்து வெப்பம் அளக்கும் கருவியைக் குறுக்காக நகர்த்தியபோது நடுவே நெடுக்காகக் குளிர்ந்த பட்டைகள் தெரிந்தன. மேலிருந்து கீழே ஓடும் றேடியேற்றரில் நெட்டுக்குக் குளிர்ந்த பட்டை என்றால் அந்தக் குழாய்களில் ஓட்டமில்லை என்று பொருள். கருவி இல்லாதவர்கள் எஞ்சினை நிறுத்தி, காற்றாடி நின்றபின் கையை அருகில் பிடித்தும் இதை உணரலாம்.

மல்ரிமீற்றரின் மறை முனையைப் பற்றரியின் மறை முனையில் வைத்து, நேர் முனையைக் கூலன்ட்டில் மட்டும் நனைத்துப் பார்த்ததில் 0.6 வோல்ட் காட்டியது. 0.3க்கு மேல் போனால் ஒன்றில் கூலன்ட்டின் காப்பு மருந்து தீர்ந்துவிட்டது, அல்லது எஞ்சினின் எர்த் வயர் கெட்டு மின்சாரம் தண்ணீர் வழியே போகிறது. இங்கே இரண்டும்தான். எஞ்சினிலிருந்து பொடிக்கு வரும் எர்த் பட்டை உப்புக் காற்றில் அரித்து, நாலைந்து இழையில் தொங்கியது. அதை மாற்றியதும் அளவு 0.4க்கு இறங்கியது.

வீட்டுக் கிணற்று நீரை, கரைந்த திண்மத்தை அளக்கும் டி.டி.எஸ். மானியால் பார்த்தபோது 900 பி.பி.எம்.க்கு மேல். கூலன்ட் கலக்கும் நீருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்ச எல்லை மொத்தக் கரைதிண்மம் 340 பி.பி.எம்., வன்மை 170, குளோரைட்டு 40. இந்தக் கிணற்று நீர் எந்தக் கூலன்ட்டோடும் கலக்கத் தகுந்ததல்ல.

தேர்மோஸ்டாற் இல்லாத கதை

இந்த வண்டியில் நோயை இவ்வளவு காலம் மறைத்தது கழற்றப்பட்ட தேர்மோஸ்டாற்தான். அது இல்லாதபோது சமதரையில் எஞ்சின் தன் வேலைச் சூட்டுக்கே வராது. ஊசி கீழேயே நிற்கும். றேடியேற்றரில் பாதிக் குழாய்கள் அடைபட்டாலும் அந்தச் சிறு சூட்டை மீதிப் பாதி சமாளித்துவிடும். ஏற்றம், பாரம், குறைந்த வேகத்தில் குறைந்த காற்று என மூன்றும் சேரும் நாளில்தான் குறை வெளிப்படும். அந்த நாள் வீட்டுக்குப் பக்கத்தில் வராது, லுணுகலையில்தான் வரும்.

தண்ணீர் வேகமாக ஓடினால் சூட்டை எடுக்க நேரமிருக்காது, அதனால் தேர்மோஸ்டாற் வேண்டும் என்று சிலர் சொல்வதும் தவறு. ஓட்டம் கூடினால் சூடு கூடுதலாகவே கடத்தப்படும். தேர்மோஸ்டாற்றின் வேலை எஞ்சினைச் சரியான சூட்டில் வைத்திருப்பது. குளிர்ந்து ஓடும் எஞ்சின் பெற்றோலைக் கூடுதலாக எரிக்கும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், எண்ணெயில் ஈரம் தங்கிச் சேறு கட்டும். இந்த வண்டியின் ஸ்பார்க் பிளக்குகள் கறுத்துத்தான் இருந்தன.

கழுவும் வரிசை

சுத்தம் செய்யாமல் எந்தக் கூலன்ட் ஊற்றினாலும் வீண் என்பதில் உரிமையாளருக்கும் மெக்கானிக்குக்கும் கருத்து ஒன்றாயிற்று. பேச்சு வந்தது வரிசையில். அமிலக் கழுவலை றேடியேற்றரைக் கழற்றுவதற்கு முன்னரே செய்வது என்று முடிவு. காரணம், பிளொக்கிலிருந்து பெயரும் துருவும் சுண்ணமும் ஏற்கெனவே அழுக்கான றேடியேற்றருக்குள் போகட்டும். றேடியேற்றரை முதலில் சுத்தம் செய்து மாட்டிவிட்டுப் பிறகு பிளொக்கைக் கழுவினால் அதே அழுக்கு புதுக் குழாய்களை அடைக்கும்.

முதலில் றேடியேற்றரின் அடிக் குழாயும் பிளொக்கின் வடிமுனையும் திறக்கப்பட்டன. பிளொக் வடிமுனையில் ஒரு சொட்டும் வரவில்லை. கம்பி விட்டுக் குத்தியபின்தான் செஞ்சேறு கட்டிகட்டியாக விழுந்து, பிறகு தண்ணீர் வந்தது. பழைய வண்டிகளில் இந்த முனையை எவரும் திறப்பதில்லை. அதனால்தான் "கூலன்ட் மாற்றினோம்" என்று சொல்லப்படும் பல வண்டிகளில் பாதி பழையதே நிற்கிறது.

அமிலம் சிட்ரிக் அமிலம், லீற்றருக்கு 25 கிராம் வீதம் 5 லீற்றருக்கு 125 கிராம். வெதுவெதுப்பான குழாய் நீரில் முழுதாகக் கரைத்து ஊற்றி, ஹீற்றர் வால்வைத் திறந்து, எஞ்சினை வேலைச் சூட்டில் 25 நிமிடம் ஓடவிட்டார்கள். வடித்தபோது தேயிலைச் சாயம்போல் வந்தது. அதன்பின் அப்பச் சோடா 50 கிராம் கரைத்த நீரில் ஐந்து நிமிடம். எஞ்சிய அமிலம் அடங்கிவிடும். பின் குழாய் நீரில் தெளிவாக வரும்வரை, மேலிருந்தும் கீழிருந்தும் மாற்றி மாற்றி அலசல்.

கோஸ்டிக் சோடாவும் கழிவறை கழுவும் அமிலமும் இந்த வேலைக்கு ஆகாது. முதலாவது அலுமினியத்தைக் கரைக்கும். இரண்டாவது துருவோடு சேர்த்து ஹெட்டையும் பற்றாசையும் தின்னும். சிட்ரிக் அமிலத்தையும் இரவு முழுக்க விட்டுவைக்கக் கூடாது. ஈயத்தோடு அதுவும் வினைபுரியும்.

வடித்தது எல்லாம் பழைய எண்ணெய்க் கான்களில் பிடிக்கப்பட்டது. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கோல் இனிக்கும் நஞ்சு. நாயோ கோழியோ நக்கினால் சாகும், பிள்ளைகளுக்கும் ஆபத்து. மணலில் ஊற்றினால் நேரே இறங்கும், பக்கத்துக் கிணறு சில யார் தூரத்தில்தான் இருக்கும்.

றேடியேற்றர்: வைப்பதா மாற்றுவதா

புது அலுமினிய–பிளாஸ்டிக் றேடியேற்றர் போடலாம் என்ற யோசனை வந்தது. பழையதைத் திருத்துவதையே தெரிவு செய்தார்கள். கிடைத்த புது வகையின் பிடிகளும் குழாய் வாய்களும் இந்த வண்டிக்கு நேரே பொருந்தவில்லை. செம்பு–பித்தளையை ஊரில் ஈயம் வைத்துத் திருத்தலாம், பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் எறியத்தான் வேண்டும்.

றேடியேற்றர் திருத்தும் பாஸ் மேல் தொட்டியை ஈயம் உருக்கிக் கழற்றி, தட்டையான கம்பியை ஒவ்வொரு குழாயாக விட்டு எடுத்தார். வெள்ளைச் சுண்ணம் பொடியாகக் கொட்டியது. கம்பி போனபோதே மூன்று குழாய்களில் ஓட்டை தெரிந்தது. இரு முனையும் ஈயத்தால் அடைக்கப்பட்டன. மூன்று குழாய் இழப்பை இந்த றேடியேற்றர் தாங்கும், இன்னும் அதிகமென்றால் கோர் மாற்றத்தான் வேண்டும் என்றார் பாஸ். தொட்டி ஓரம் முழுவதும் சுரண்டிச் சுத்தமாக்கிப் புதுப் பற்றாசு வைக்கப்பட்டது.

தேர்மோஸ்டாற் 82 பாகையில் திறக்கும் வகை. சட்டியில் தண்ணீர் வைத்து, வெப்பமானியோடு சேர்த்துச் சூடாக்கித் திறப்பதைப் பார்த்துவிட்டே பொருத்தினார்கள். காற்று போகும் சிறு அதிர்வு வால்வு மேற்பக்கம் இருக்கும்படி வைக்க வேண்டும். றேடியேற்றர் மூடியின் ரப்பர் வெடித்திருந்ததால் 0.9 எண் உள்ள புது மூடி. இந்த எண் சிறு விஷயமல்ல. வெறும் தண்ணீரே இந்த அழுத்தத்தில் கிட்டத்தட்ட 119 பாகையில்தான் கொதிக்கும், மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் 100இல் பொங்கும்.

கூலன்ட் தெரிவு

மேசையில் நான்கு தெரிவுகள் இருந்தன.

வெறும் தண்ணீர் முதலாவது. "இது என்ன நுவரெலியாவா, உறையப் போகுதா?" என்ற கேள்விக்கு நியாயம் உண்டு. மட்டக்களப்பில் உறைதல் காப்புத் தேவையில்லை. தண்ணீர் சூட்டைக் கடத்துவதிலும் கிளைக்கோல் கலவையை மிஞ்சும். பாதிக்குப் பாதிக் கலவையின் வெப்பக் கொள்ளளவு தண்ணீரைவிடப் பத்து வீதத்துக்கும் மேல் குறைவு. இங்கே கூலன்ட் வாங்குவது அரிப்புத் தடுப்பு மருந்துக்காக. கொதிநிலை கொஞ்சம் உயர்வது மேலதிக இலாபம். இரும்பும் அலுமினியமும் செம்பும் ஈயமும் ஒரே நீரில் நிற்கும்போது மருந்தில்லாத தண்ணீர் முதலில் அலுமினியத்தையும் ஈயத்தையும் தின்னும்.

இரண்டாவது, கடையில் மலிவாகக் கிடைத்த பச்சை. போத்தலில் எந்தத் தர எண்ணும் இல்லை. கலவையின் செறிவை உறைநிலையாகக் காட்டும் ஒளிமுறிவு மானியில் ஒரு துளி வைத்தபோது உறைநிலை 0 பாகைக்குக் கிட்ட. அதாவது சாயம் போட்ட தண்ணீர். இந்த மானி பெரிய விலையல்ல, கூலன்ட் விற்கும் கடைகளே ஒன்று வைத்திருக்கலாம்.

மூன்றாவது, முன்னர் ஊற்றிய சிவப்பு வகை, கரிம அமிலக் கூலன்ட். ஐந்து வருட ஆயுள் என்பது உண்மைதான், அலுமினிய றேடியேற்றர் உள்ள புது வண்டிக்கு. இந்த வண்டிக்கு மூன்று காரணங்களால் அது தள்ளப்பட்டது. ஈயப் பற்றாசுக்கு இவ்வகைகள் எல்லாமே போதிய காப்புத் தருவதில்லை. 2-எத்தில்ஹெக்சனோயிக் அமிலம் கொண்டவை சில பழைய சிலிக்கோன் வளையங்களை மென்மையாக்கும். மூன்றாவதே இங்கு முக்கியம்: கரிம அமிலம் மெதுவாகத்தான் உலோகத்தில் காப்புக் கட்டும், தண்ணீர் மட்டம் குறைந்து காற்றுப் பட்ட இடம் துருப்பிடிக்கும். கசிந்து, நிரப்பி, மறுபடி கசியும் பழைய வண்டிக்கு இது பொருத்தமில்லை. ஐந்து வருடத்துக்குள் வேறு ஏதாவது காரணத்துக்காக எப்படியும் வடிக்கத்தான் போகிறோம் என்றால் நீண்ட ஆயுளுக்குக் கொடுக்கும் காசும் வீண்.

சிவப்பு எல்லாம் ஒன்று என்று எடுத்துவிடவும் கூடாது. டொயோட்டாவின் சொந்தச் சிவப்பு வகையில் கரிம அமிலத்தோடு பொஸ்பேற்றும் உண்டு. இளஞ்சிவப்பு வேறு. ஹொண்டாவின் நீலம் வேறு. வேறு நிறுவனங்களின் பச்சையிலும் கரிம அமில வகைகள் வருகின்றன. நிறம் வெறும் சாயம். பார்க்க வேண்டியது பின்பக்க எழுத்து: ஜே.ஐ.எஸ். கே 2234 (ஜப்பானியத் தரம்) அல்லது ஏ.எஸ்.டி.எம். டி3306 (அமெரிக்கத் தரம்) என்ற எண், அடிப்படை எது, சிலிக்கேற் உண்டா, பொஸ்பேற் உண்டா.

நான்காவது, ஜே.ஐ.எஸ். எண் பொறித்த மரபு வகைச் செறிவு, நீர் கலக்காதது. தெரிவானது இதுவே. கனிம உப்பு மருந்துகள் உடனே உலோகத்தில் படலம் கட்டும், செம்பு–பித்தளைக்கும் ஈயத்துக்கும் பழகியவை. குறை, மருந்து சீக்கிரம் தீர்வது: இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ. இன்னொரு குறை, பொஸ்பேற் உள்ள வகை வன்நீரைத் தாங்காது. கல்சியத்தோடு சேர்ந்து தானே படிவாகிவிடும். நல்ல கூலன்ட்டைக் கிணற்று நீரில் கலந்து "கூலன்ட்தான் அடைச்சது" என்று குறைசொல்வது இதனால்தான்.

ஆகவே நீர், காய்ச்சி வடித்தது. பற்றரிக் கடையில் வாங்கும்போது லேபலை வாசிக்க வேண்டும். பற்றரி அசிட்டும் அதே மாதிரிப் போத்தலில் வருகிறது.

ஈரக்குழல் லைனர் (கூலன்ட் நேரே தொடும் சிலிண்டர் உறை) உள்ள லொறி எஞ்சின்களுக்கு இந்தத் தெரிவு பொருந்தாது. அவற்றின் லைனரில் குமிழ் வெடித்துக் குழி விழும். அதைத் தடுக்கும் நைத்திரைற்று அல்லது மொலிப்டேற் மருந்துள்ள, ஏ.எஸ்.டி.எம். டி6210 எண் கொண்ட வகை வேண்டும்.

நிரப்பல்

இந்த வண்டியின் மொத்தக் கொள்ளளவு வடித்தளந்தபோது 5 லீற்றர். இலக்கு 40 வீதம். முப்பதுக்குக் கீழே மருந்து போதாது, ஐம்பதுக்கு மேலே வெப்பக் கடத்தல் வீணாகக் குறையும். அலசிய நீர் பிளொக்கில் எப்படியும் கொஞ்சம் நிற்கும். முன்கூட்டியே கலந்து ஊற்றினால் அது நீர்த்துப் போகும். எனவே கடைசி அலசலைக் காய்ச்சி வடித்த நீரில் செய்து, 2 லீற்றர் செறிவை முதலில் தனியாக ஊற்றி, மீதியை அதே நீரால் நிரப்பினார்கள்.

முன்சில்லுகளைச் சாய்தளத்தில் ஏற்றி, ஹீற்றர் வால்வைத் திறந்து, மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டு, மேல் குழாயை அழுத்தி அழுத்திக் காற்று வெளியேற்றப்பட்டது. மேல் குழாய் திடீரென்று சூடானபோது தேர்மோஸ்டாற் திறந்தது தெரிந்தது. மட்டம் சட்டென்று இறங்கியது, மறுபடி நிரப்பி மூடி போடப்பட்டது. ஆறியபின் ஒளிமுறிவு மானியில் −24 பாகை, ஏறத்தாழ 40 வீதம்.

பின்னர் நடந்தவை

இரண்டாம் வாரத்தில் ரிசேவ் தாங்கி முழு மட்டத்திலிருந்து அடிக் கோட்டுக்கு இறங்கிவிட்டது. நிலத்தில் ஈரம் இல்லை. கை அழுத்தப் பம்பால் 0.9 அழுத்தம் கொடுத்துப் பத்து நிமிடம் விட்டபோது முள் மெல்ல இறங்கியது. கண்ணாடியும் டோர்ச்சும் வைத்துத் தேடியதில் சைலன்சர் மெனிபோல்டுக்குக் கீழே ஒரு வெல்ஷ் பிளக்கில் ஊசித் துளை. கசிந்தது மெனிபோல்டின் சூட்டில் காய்ந்ததால் தரையில் தெரியவில்லை, இளம்பச்சைக் கறை மட்டும்.

துளையைப் புதுக் கூலன்ட் போடவில்லை. அது முன்னரே இருந்தது, துருதான் அடைத்து வைத்திருந்தது, கழுவல் அந்த அடைப்பைப் பெயர்த்தது. கூலன்ட் மாற்றியபின் கசிவு தொடங்கினால் பலர் கூலன்ட்டைத் திட்டிக்கொண்டு தண்ணீருக்குத் திரும்புவது இந்தக் கட்டத்தில்தான். றேடியேற்றர் அடைக்கும் பொடி போடலாம் என்று ஒருவர் சொன்னார். மறுத்தார்கள். இப்போதுதான் சுத்தம் செய்த குழாய்களுக்குள் அந்தப் பொடியும் போகும்.

கூலன்ட்டைச் சுத்தமான பேசினில் பிடித்து, மெனிபோல்டைக் கழற்றி, பிளக்கின் ஓரத்தில் தட்டி ஒருபக்கம் உள்ளே சாயவைத்துக் குறட்டால் இழுத்தெடுத்தார்கள். உட்பக்கம் காகிதமாக மெலிந்திருந்தது. இருக்கையைத் தேய்த்து, மெல்லிய ஒட்டுப் பசை பூசி, அளந்தெடுத்த பித்தளைப் பிளக்கை சொக்கற் வைத்து நேராக அடித்து ஏற்றினார்கள். பக்கத்துப் பிளக்குகளும் அதே நிலைதான், எட்டிய அத்தனையும் மாற்றப்பட்டன. பிடித்த கூலன்ட் துணியில் வடிகட்டி மீண்டும் ஊற்றப்பட்டது.

அதன்பின் மட்டம் இறங்கவில்லை. ஓகஸ்டில் கச்சான் காற்று அனல் வீசிய நாட்களில் அதே பாரத்தோடு பதுளை போனபோது ஊசி நடுவுக்குச் சற்றுக் கீழே நின்றது, பசறை ஏற்றத்திலும் நடுவைத் தாண்டவில்லை. ஊசி நடுவில் நிற்பதைக் கண்டு உரிமையாளர் முதலில் பயந்துபோய்த் தொலைபேசி எடுத்தார். கால்வாசியில் கண்டு பழகியவர். இதுதான் சரியான இடம் என்று விளக்க வேண்டியதாயிற்று.

ஆறு மாதத்தில் மானி −22, கூலன்ட்டில் வோல்ட் 0.15, நிறம் தெளிவு, ஸ்பார்க் பிளக்குகள் இளம்பழுப்பு. ஒரு வருடத்தில் மட்டும் −14 காட்டியது, அதாவது ஏறத்தாழ 28 வீதம். கசிவைத் தேடிப் பார்த்தார்கள், இல்லை. வண்டி கழுவக் கொடுத்த இடத்தில் பையன் ஒருவன் உதவியாகத் தண்ணீர் நிரப்பி விட்டிருந்தான். ரிசேவ் தாங்கியில் மிகுந்திருந்ததையும் றேடியேற்றரில் 1 லீற்றரையும் வடித்து, 1 லீற்றர் செறிவு ஊற்ற, கலவை மறுபடி 40ஐத் தாண்டியது.

அடுத்த வண்டியில் மாறுவது

அழுத்தச் சோதனை அமிலக் கழுவலுக்கு முன்னரும் பின்னரும் செய்யப்படும். முன்னர் மட்டும் செய்தால் துரு அடைத்த துளைகள் ஒளிந்துகொள்ளும். இருபது வருடத்துக்கு மேற்பட்ட, கிணற்று நீரில் ஓடிய எஞ்சின் என்றால் வெல்ஷ் பிளக்குகளின் விலையும் கூலியும் முதல் மதிப்பீட்டிலேயே சேரும். உரிமையாளரிடம் இரண்டாம் தடவை காசு கேட்க வேண்டியிருக்காது. மெனிபோல்ட் கேஸ்கட்டும் அப்போதே வாங்கி வைக்கப்படும்.

எர்த் பட்டை, மூடி, தேர்மோஸ்டாற் மூன்றும் கூலன்ட் வாங்குவதற்கு முன் பார்க்கப்படும். கரையோர வண்டிகளில் எர்த் பட்டையை எவரும் தேடிப் பார்ப்பதில்லை; அதனால் ஹெட் அரிக்கப்பட்ட வண்டிகள் உண்டு.

கடைசியாகச் சேர்ந்தது பொனட்டின் உட்பக்கம் ஒட்டும் அட்டை: கூலன்ட்டின் பெயர், தர எண், கலவை வீதம், ஊற்றிய திகதி, மாற்ற வேண்டிய திகதி, "வேறு தண்ணீர் ஊற்ற வேண்டாம்" என்ற வரி, தமிழிலும் சிங்களத்திலும். வண்டியின் பின்பக்கம் 40 வீதத்தில் கலந்த 1 லீற்றர் கான் ஒன்று நிரந்தரமாக இருக்கும். வழியில் மட்டம் குறைந்தால் அதுதான் ஊற்றப்படும். அதுவும் தீர்ந்து ஓடைத் தண்ணீர் ஊற்ற வேண்டி வந்தால், ஊர் திரும்பிய கையோடு மானியில் பார்த்துத் திருத்துவதென்று உரிமையாளரோடு பேசி வைத்தாயிற்று.